செல்வி போட்ட சரி

விழிதியூரில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அன்று ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டைக் கழிக்கச் சொன்னேன். பத்தைக் கடன் வாங்கிய அடையாளமே இல்லாமல் பதினான்கு என்று எழுதியிருந்தாள் செல்வி. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று தப்புப் போட்டுவிட்டேன்.

"பாத்து எழுதல டீச்சர். முப்பத்தெட்டோட ரெண்டு சேத்தா நாப்பது. இன்னும் பன்னெண்டு சேத்தா அம்பத்திரெண்டு. நடவுல இன்னும் எத்தன நாத்துக்கட்டு வேணும்னு அம்மா இப்புடித்தான் பாப்பாங்க."

இருபது வருடமாக ஒரே வழியைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உடனே எழுபத்தொன்றில் நாற்பத்தாறைக் கரும்பலகையில் அவள் வழியிலேயே கழித்து, சாக்பீஸை அவளிடம் நீட்டினேன். என் இருபத்தைந்துக்குப் பெரிதாகச் சரி போட்டாள்.

இப்போது சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன், "எப்புடிம்மா போட்டே?" என்று கேட்கிறேன். கேட்காமலே தப்புப் போட்ட பழைய நோட்டுகள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன.