அக்காவின் குரல் எங்களிடம் இல்லை

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைப் பார்த்ததும் உங்களில் பலருக்கு ஏதோ ஒரு சீரியல் நாத்தனார் நினைவுக்கு வந்திருப்பாள். எங்களுக்கு அவர் அக்கா. கூடப் பிறந்த தங்கை என்ற முறையில் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்படி எழுதச் சொன்னார்கள். எனக்கு அது வரவில்லை.

அக்கா கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி கிராமத்தில் பிறந்தார். அப்பா காலமானபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு பூண்டுக் காட்டில் இறங்கினார். களை வெட்டியதும், கேரட் கழுவி மூட்டை பிடித்ததும், என்னைப் படிக்க வைத்ததும் அக்காதான். அவருக்கு நல்ல கணீர்க் குரல். மேட்டுக் காட்டில் நின்று "வெரசா வாங்கடி, மழ எறங்குது" என்று கூப்பிட்டால் கீழ்க்காட்டில் இருக்கும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும்.

ஒரு முறை எங்கள் காட்டுக்குப் பக்கத்தில் படப்பிடிப்பு நடந்தது. கூட்டத்தில் நிற்க ஆள் கேட்டார்கள். அக்கா போய் நின்றார். அழச் சொன்னார்கள், அழுதார். அதைப் பார்த்த டைரக்டர் சென்னைக்கு வரச் சொன்னார். ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. தாய்மாமா ஒருவர்தான், "புள்ளைக்குத் தெறம இருக்குக்கா. நாங் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தார்.

சென்னையில் அக்கா பட்ட பாட்டை அவர் எங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. சீரியல்களில் நாத்தனார், ஓரகத்தி, கொடுமைக்காரச் சித்தி. சினிமாவில் அங்கங்கே ஒன்றிரண்டு காட்சி. எதிலும் அக்காவின் குரல் இல்லை. அக்கா நடிப்பார், டப்பிங்கில் வேறொரு பெண் பேசுவார். அக்காவின் பேச்சில் மலை வாடை அடிக்கிறதாம், பெரிய வீட்டு மருமகளுக்கு அது ஒத்து வராதாம். இத்தனை வருடத்தில் ஒருவருக்காவது, ஒரு தடவை பேசிப் பாரம்மா என்று சொல்லத் தோன்றவில்லை.

முதல் சீரியல் வந்த அன்று அம்மா டிவிக்கு முன்னால் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். "என்னடி இது? வாயி நம்ம புள்ளைது, சத்தம் எவளோடதோ!" நாங்கள் சிரித்தோம். பிறகு ஒரு கல்யாண வீட்டில் குழந்தைகள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு வசனம் பேசச் சொன்னார்கள். பேசினார். "நீங்க அவங்க இல்ல, அவங்க மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்கள். அக்கா என்னைப் பார்த்து, "புள்ளைக நெசத்தத்தான்டி சொல்லுதுக" என்றார்.

கடைசியாக ஒரு பட வாய்ப்பு வந்தது. மலையில் பூண்டு போடும் ஒரு பெண்ணின் வேடம். "உங்க பேச்சுதாம்மா வேணும், நீங்களே டப்பிங் பேசுங்க" என்றாராம் அந்தப் படத்தின் டைரக்டர். அன்று போனில் அக்கா அழுதார். படப்பிடிப்பு முடிந்து டப்பிங் தொடங்குமுன் நுரையீரலில் நோய் என்று தெரிந்தது. அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அங்கே அக்காவுக்கு ஒரே வேலைதான். வெள்ளனே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, படத்தின் வசனங்களைத் தம் செல்போனில் பேசிப் பதிவு செய்வார். போட்டுக் கேட்பார். மூச்சு வாங்கும். பாதி வசனத்தில் நின்றுவிடும். மறுபடி பேசுவார். "எங்கொரல எனக்கே கேக்க வெக்கமா இருக்குடி" என்று சிரிப்பார். படக்காரர்கள் காத்திருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். படம் வெளிவரும் தேதி நெருங்கியதும் வேறொருவரைப் பேச வைத்துவிட்டார்கள். அதைப் போனில் சொன்னபோது, "சரிங்க சார், ஒங்க சோலி நடக்கட்டும்" என்றார் அக்கா. அதற்குப் பிறகும் தினமும் பதிவு செய்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியேதான் அவர் உயிர் பிரிந்தது.

பூண்டிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். எங்கள் வழக்கத்தில் பெண்கள் வாசலோடு நின்றுவிடுவோம், மயானத்துக்குப் போவதில்லை. இறந்தவர்களுக்குப் பிரியமானதைக் குழியில் கூட வைத்து அனுப்புவதும் வழக்கம். அப்பாவுக்கு வெற்றிலைப் பையை வைத்தார்கள்.

கருமாதி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அம்மா, "அவ போன எடுத்துட்டு வாங்க. எம்புள்ள பேசுனத ஒரு தடவ கேக்கணும்" என்றார். மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "கையை விட்டு எறக்காத சாமானாச்சேன்னு நாந்தேன்க்கா உள்ள வச்சேன்."

அம்மா மண்வெட்டியைத் தேடினார். மூடிய மண்ணைத் தோண்டக் கூடாது என்று பெரியவர்கள் மறித்தார்கள். அடக்கம் செய்த அன்று பிடித்த மழையும் அதுவரை விட்டிருக்கவில்லை, போன் ஊறிப் போயிருக்கும் என்றார்கள். பதிவுகள் வேறெங்காவது ஏறியிருக்குமா என்று கொடைக்கானலில் செல்போன் கடைக்காரரிடம் கேட்டோம். இல்லை என்றார். படப்பிடிப்பில் பதிந்த குரலைப் படக்காரர்களிடம் கேட்டோம், டப்பிங் முடிந்ததும் அதை அழித்துவிட்டார்களாம். என் கல்யாண வீடியோவில் அக்கா வெகுநேரம் பேசிச் சிரிக்கிறார், ஆனால் வீடியோக்காரர் அதன் மேல் சினிமாப் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறார். அக்கா கடைசியாக நடித்த அந்தப் படமும் வந்துவிட்டது. நாங்கள் போகவில்லை.

அக்காவை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிச் சுமந்த நாயுடுபுரத்து அண்டை வீட்டாருக்கும், மழையில் குழி வெட்டிய பூண்டி உறவுகளுக்கும், சென்னையிலிருந்து வந்து நின்ற சக நடிகர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. மாமா, அன்றிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பிரியத்தில் செய்தீர்கள். உங்கள் மேல் யாருக்கும் வருத்தமில்லை, வந்து ஒரு வாய் சாப்பிடுங்கள்.

உங்களில் யாருடைய போனிலாவது அக்கா பேசியது ஒரு வார்த்தை இருந்தாலும் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுங்கள். அம்மா இன்னும் காலையில் அக்காவின் எண்ணுக்கு அழைக்கிறார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் பேசுகிறார். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுலயும் வேற எவளோதான் பேசுறா" என்று போனைக் கீழே வைக்கிறார்.