பெரிய வெள்ளியில் எனக்குப் பதிலாக

உலைக்குப் பண்டிகை கிடையாது. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் எங்கள் ஆலையில் அதை அணைக்கவே மாட்டார்கள். அதனால் எனக்கும் உடன் வேலை செய்யும் நண்பருக்கும் நெடுநாள் ஏற்பாடு ஒன்று. பொங்கலன்று அவருடைய ஷிப்டையும் நான் பார்ப்பேன். பெரிய வெள்ளியன்று என்னுடையதையும் அவர் பார்ப்பார். அவருக்கு நெல்லும் சூரியனும். எனக்குச் சிலுவை.

இந்த வருடம் அவர் அப்பா இறந்துபோனார். துக்க வீட்டில் பொங்கல் வைப்பதில்லை. அன்று அவரே வேலைக்கு வந்துவிட்டார். ஆகவே பெரிய வெள்ளிக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"கோயிலுக்குப் போ, நான் நிக்கிறேன்" என்று அவராகத்தான் சொன்னார்.

புதுவாயலில் எங்கள் கோயில். இரவெல்லாம் தூங்காத கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. நமக்குப் பதிலாக, நமக்குப் பதிலாக என்று போதகர் சொல்லிக்கொண்டே போனார். சிறுவயது முதல் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த சொல். நான் மின்விசிறிக்கு அடியில் இருந்தேன். சிலுவையில் தொங்கியபடி 'தாகமாயிருக்கிறேன்' என்று சொன்ன வார்த்தைக்குப் போதகர் வந்தபோது, உலை வாயில் நிற்கும் நண்பரின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் கோயிலில் ஊற்றிய கஞ்சியைத் துவையலோடு தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். ஆலை வாசலில், வேப்பமரத்தடிக்கு நண்பர் வந்தார்.

"இன்னா நைனா, அதுக்குள்ள உங்க சாமிய எறக்கிட்டாங்களா?"

"நீ ஊட்டுக்குப் போ. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"அங்க ஒருத்தர் உனுக்காகத் தொங்கிக்கினு கீறாரு, இங்க ஒருத்தன் வெந்துக்கினு கீறான். அப்பவும் உனுக்கு மனசு ஆறல பாரு."

"பொங்கலுக்கு நான் ஒண்ணும் செய்யலியே."

"நீ செஞ்சாதான் நான் நிக்கணுமா? சும்மா குடுத்தா வாங்கிக்கத் தெரியாதா? பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ."

தெரியவில்லைதான். உபவாசம், காணிக்கை, முட்டி தேய்ந்த ஜெபம் என்று எத்தனை காலமாக அந்தச் சிலுவைக்கு ஈடுகட்டப் பார்த்திருக்கிறேன்! அந்தக் களைப்பு உலையின் களைப்பைவிடப் பெரிது.

கஞ்சியை நின்றபடியே குடித்தார். துவையலை விரலால் வழித்தார். "உப்பு கம்மி" என்று தூக்கை என் கையில் திணித்துவிட்டு, ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். என் இடத்துக்கு.

நான் நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன்.