பத்து முறை சொல்லுங்கள்

ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி வரும்: எதிராளி என்ன சொல்கிறார் என்பது காதில் விழாது, எங்கே தப்பு விட்டார் என்பது மட்டும் விழும். மேற்குத் தாம்பரத்தில் மருந்துக்கடை மாடியில் பல வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். ஒருவர் செய்தால் வினைச்சொல்லோடு 'எஸ்' ஒட்ட வேண்டும், பலர் செய்தால் ஒட்டக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். தப்பாகச் சொன்னவர் எழுந்து நின்று, சரியான வாக்கியத்தைப் பத்து முறை சத்தமாகச் சொல்ல வேண்டும். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளே, நீங்களும் இதையேதான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

படப்பைக்காரர்

ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மேலாளர் வடக்கத்தியர் என்பதால் இவர் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டிய கட்டாயம். 'மெஷின்ஸ் இஸ் ரன்னிங்' என்றார். என்னைவிட வயதில் பெரியவர் என்றும் பார்க்காமல் எழுப்பி நிறுத்தி, 'மெஷின்ஸ் ஆர் ரன்னிங்' என்று பத்து முறை சொல்ல வைத்தேன். சொல்லிவிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா 'இஸ்'னுதான் சொல்றேன் மேடம். ஒரு மெஷினும் நின்னதில்ல."

காலனி வாட்ஸப்

எங்கள் காலனியில் ஐந்தாம் வீட்டுக்காரருடைய அண்ணன் இறந்துவிட்டார். காலையில் குழுவில் ஆங்கிலத்தில் நாலு வரி போட்டிருந்தார். அதில் ஒரு வினைச்சொல் இடித்தது. கை சும்மா இருக்கவில்லை. திருத்திய வரியை அதே குழுவில் அவருக்குக் கீழேயே போட்டுவிட்டேன், அனுதாபம் சொல்வதற்கு முன்னால். மாலையில் துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அண்ணன் போயிட்டார்ங்கறது புரிஞ்சுதுல்ல மேடம்? அது போதும்."

மலர்

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மலர் கோவளத்துப் பெண், பி.காம். முடித்தவள். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு வரப்போகிறது என்று வந்து சேர்ந்தாள். அவள் அப்பா கட்டுமரம் தள்ளிய காலத்திலிருந்து மீன்பிடிக்கிறவர். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. தனக்கு வேலை கிடைத்த மறுநாளிலிருந்து அவரைக் கடலுக்கு விடப்போவதில்லை என்று முதல் நாளே சொன்னாள். அதற்காகத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தாள்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தபோது ஒத்திகை வைத்தேன். தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'மை ஃபாதர் கோ டு ஸீ' என்றாள். அத்தனை தடவை திருத்தியும் இப்படியா என்று எனக்கு எரிச்சல். எழுந்து நிற்கச் சொன்னேன். 'மை ஃபாதர் கோஸ் டு ஸீ.' ஏழாவது முறை குரல் உள்ளே போனது. சோம்பல் என்று நினைத்து, கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்றேன். சத்தத்தைக் கூட்டிப் பத்தையும் முடித்தாள். வகுப்பு கலைந்த பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"பத்தும் சரியா வந்துச்சா மேடம்? மூணு நாளாச்சு, அப்பா போன போட்டு இன்னும் கரைக்கு வரல. வூட்ல உக்காந்து அழுவாத, கிளாசுக்குப் போன்னு அம்மாதான் அனுப்புச்சு."

சிறுசேரி

படகு மட்டும் கிடைத்தது. அந்தத் தேர்வுக்கு அவள் போகவில்லை. ரெண்டு மாதம் கழித்து அதே கம்பெனி மறுபடி கூப்பிட்டது. வேலை கிடைத்ததும் சொல்லிவிட்டுப் போக வந்தாள், கையில் நியமனக் கடிதத்தோடு. குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்களா என்று கேட்டேன். கேட்டார்களாம். அப்பா கடலுக்குப் போகிறார் என்றே சொன்னாளாம். நன்றாகப் பேசுகிறாய் என்று பாராட்டினார்களாம்.

"வேற மாதிரி சொல்லணும்னுதான் போனேன் மேடம். வாயத் தொறந்தா நீங்க சொல்லவெச்சதுதான் வருது."

இப்போதும் தப்பைத் திருத்தத்தான் செய்கிறேன், ஆனால் பத்து முறை யாரையும் சொல்ல வைப்பதில்லை. அதனால் யாருடைய ஆங்கிலமும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.