பதினொரு மணிக் கூட்டம்

தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களைப் பொறுக்கி எடுத்து, ஒரு வருடம் பயிற்சி கொடுத்துத் தேற்றி அனுப்பும் ஃபெலோஷிப் ஒன்று எனக்குக் கிடைத்தது. சுனாமி வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. என்னைத் தேற்ற ஒரு வருடம் போதும் என்று நம்பியவர்களை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

முதல் தவணை பாண்டிச்சேரிக்கு வெளியே ஒரு விடுதியில், இரண்டு வாரம். அது முடியும்வரை அலுவலகத்தோடு பேசக் கூடாது என்பது நிபந்தனை. கடைசி நாள் ஒரு படிவம் தர வேண்டும். அதில் ஒரு கட்டம்: 'நீங்கள் இல்லாதபோது முடிவெடுக்கப் போகிறவர் யார்?' காலியாக விட்டால் அடுத்த தவணைக்கு அழைப்பு கிடையாது.

மற்றவர்கள் முதல் நாளே எழுதிவிட்டார்கள். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். காரைக்காலில் எங்களுக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஒருங்கிணைப்பாளர் இருந்தார். கணவர் துபாயில், மூன்று பிள்ளைகளையும் என்னையும் ஒரே குரலில் அதட்டக்கூடிய அம்மா. ஆனால் அவர் பெயரை எழுதுவது என் நாற்காலியை நானே தூக்கிக் கொடுப்பது மாதிரி இருந்தது.

நாலாம் நாளே இருப்புக்கொள்ளவில்லை. பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நழுவி, எதிர் டீக்கடையில் இருந்த ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டேன்.

"சார், நீங்க பயிற்சியில இருக்கீங்க. வச்சிடறேன்" என்று வைத்துவிட்டார் ஒருங்கிணைப்பாளர்.

மறுநாள் குரலைக் கனமாக்கிக்கொண்டேன். "கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். செவ்வாய்க்கிழமை மகளிர் கூட்டம் நடக்குதா?"

"நடக்குது சார். அங்க சாப்பாடு ஒத்துக்குதா?"

அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் மனம் ஒட்டவில்லை. கருக்களாச்சேரியில் மீன் விற்கும் பெண்களுக்கு வாராவாரம் செவ்வாய், காலை பதினொரு மணிக்கு நான் நடத்தும் கூட்டம் அது. நான் நடத்தியே ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். 'மகளிரிடையே ஆர்வம் குறைவு' என்று மூன்று வருடமாக அறிக்கை எழுதிவந்தேன். நானும் இல்லையென்றால்?

அந்தச் செவ்வாய் விடியற்காலை, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சரியாகப் பதினொன்றுக்குக் கருக்களாச்சேரி சமுதாயக்கூடத்தின் முன் நின்றேன். கதவில் பூட்டு. ஒரு ஈ காக்கை இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பதே நாளில் எல்லாம் படுத்துவிட்டது! யார் கண்ணிலும் படாமல், கரையில் ஏற்றியிருந்த படகின் நிழலில் உட்கார்ந்து, ஃபெலோஷிப்புக்கு ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். 'என் மக்களுக்கு நான் இன்றியமையாதவன்' என்ற வரி வந்தபோது எனக்கே கண் கலங்கியது. அப்படியே அசந்துவிட்டேன்.

"யாருடி அது, படகுக்கடியில?"

"நம்ம சாருடி! பாண்டிச்சேரியில படிக்கிறாருன்னாங்க?"

"படிப்பு வரலபோல. ஓடியாந்துட்டாரு."

எழுந்து பார்த்தால் மணி மூன்று. கூடம் திறந்திருந்தது. வாசல் நெடுக அலுமினியக் கூடைகள், கழுவிக் கவிழ்த்தவை. உள்ளே ஐம்பது பேராவது இருப்பார்கள்.

"என்ன, மூணு மணிக்கு?" என்றேன்.

கூடையை இறக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதினோரு மணிக்கு நாங்க கோட்டுச்சேரியில தெருத்தெருவா மீன் கூவிக்கிட்டு இருப்போம். மீன வச்சிக்கிட்டு ஒங்க கூட்டத்துல குந்துனா, நாறுனத நீங்க வாங்குவீங்களா?"

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க எங்க வாய மூடுனீங்க, நாங்க சொல்றதுக்கு?"

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. பதினொரு மணி என்பது, நான் டிபன் சாப்பிட்டுப் பேப்பர் படித்துவிட்டுக் கிளம்பத் தோதான நேரம். அவ்வளவுதான் அதன் பின்னணி.

ஒருங்கிணைப்பாளர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். "சார், வயித்துவலி எப்படி இருக்கு? காலையில அங்கேர்ந்து போன் பண்ணி விசாரிச்சாங்க."

"நேரம் மாத்தினத என்கிட்ட ஒரு வார்த்தை…"

"கேட்டா நீங்க யோசிக்கறேன்னுவீங்க. யோசிச்சு முடிக்க சுணங்கும். உக்காருங்க சார், ஆனா பேசாதீங்க. இவங்க அஞ்சு மணிக்குள்ள உலை வைக்கணும்."

பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால்தான் ஆடிக்கொண்டே இருந்தது. மீன் கெடாமல் வைக்கும் பொது ஐஸ் பெட்டி யார் பொறுப்பில் இருப்பது என்று நான் மூன்று வருடத்தில் முடிக்காத விவகாரம் இருபது நிமிடத்தில் முடிந்தது. ராஜினாமாக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். என் பேனா படகடி மணலில் போயிருந்தது; ஒருங்கிணைப்பாளரிடமே பேனா வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த படிவத்தின் கட்டத்தில் அவர் பெயரை எழுதிக் காட்டினேன்.

படித்துவிட்டு, "சரி. அடுத்த பஸ்ஸு நாலரைக்கு" என்றார்.

பாண்டிச்சேரிக்குத் திரும்பும் வழியில், சீர்காழியில் பஸ் பத்து நிமிடம் நின்றது. நிலையத்தில் ஒரு ரூபாய் போன் இருந்தது. நான் கிளம்பிய பிறகு கூட்டம் எப்படி முடிந்தது என்று கேட்டால் என்ன? இறங்கி, காசும் கையுமாகப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர், பெண்டாட்டியிடம் போலிருக்கிறது, பேசி முடிப்பதாக இல்லை. கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.