கதேரா என்றால் கதிரை இல்லை

விறாந்தை மூலையில் ஒரு மர நாற்காலி, எங்கள் பேச்சில் கதிரை, கிடக்கிறது. அதன் வலப்பக்கக் கை ஆடும். விறகுக்காவது போடு என்று ராத்தா, என் அக்கா, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். கல்முனைக்குடியிலிருந்து பொத்துவிலுக்குப் பிழைக்க வந்த நாங்கள், ராத்தா சமைக்க, நான் வருகிறவர்களைக் கவனிக்க, இந்தச் சிறிய விடுதியை நடத்துகிறோம். அந்தக் கதிரையைப் பார்த்தால் எனக்கு ஸ்பானிய அம்மாவின் நினைவு வரும்.

தனியாக வந்து தங்கியிருந்த நரைத்த தலைக்காரி அவர். ஒரு காலையில் ஈரப் படியில் வழுக்கி விறாந்தையில் விழுந்துவிட்டார். ஓடிப்போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். வலியில் அவருக்கு இங்கிலிஷ் மறந்துபோயிற்று. "கதேரா, கதேரா" என்றார். எங்கள் வாயில் கதிரையும் 'கதிர' தானே. இந்த வேதனையிலும் தமிழில் கேட்கிறாரே என்று நெஞ்சு உருகி, இந்தக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, அவரைத் தூக்கி இருத்தப் பார்த்தேன். அவர் அலறிக்கொண்டு கதிரையைத் தள்ளினார். நான் விடுவேனா? உதவி செய்தே தீருவது என்று மறுபடி குனிந்தபோது, குசினியிலிருந்து ராத்தா கரண்டியும் கையுமாக வந்து என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, தூக்காத. கதிர கேட்ட ஆள் கதிரையத் தள்ளுவாவா?"

அப்போதுதான் அவர் கை இடுப்பை அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டேன். அம்புலன்ஸ் வரும்வரை ராத்தா அவரை அசையவிடாமல் பக்கத்திலேயே இருந்தார். இடுப்பெலும்பு வெடித்திருக்கிறது, விலகவில்லை. தூக்கி இருத்தியிருந்தால் இனி நடப்பதே சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். அந்த அம்மாவோ ஊர் போகும்வரை என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த சீசனில் கைத்தடியோடு, தன் காலாலேயே படியேறி வந்தார். இடுப்பைத் தட்டி "கதேரா" என்றார். மூலையைக் காட்டி "கதிரை" என்றார். பிறகு மெல்ல அதில் அமர்ந்தார். கதிரைதான் முனகியது, அவர் முனகவில்லை. குசினி வாசலில் நின்ற ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்தார்.

அந்த அம்மா தன் ஊரில் இலக்கணம் படிப்பித்தவராம். அன்று தேநீர் ஆறும்வரை அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். கிரேக்கத்தில் இருக்கை என்று பிறந்தது, போர்த்துக்கீசரிடம் கதிரையாகவே நின்று, அவர்கள் கப்பலில் எங்களிடம் வந்து இறங்கிற்று. பக்கத்து வீடான ஸ்பெயினிலோ இருக்கையை விட்டு, இருப்பவரின் இடுப்பில் ஏறிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் அதைப் பிரசங்க மேடை ஆக்கினார்கள். எல்லாரிடமும் அது பெண்பால், தமிழில் என்ன பால் என்று கேட்டார். கதிரைக்கு ஏது பால், அது அஃறிணை என்றேன். இவ்வளவு தூரம் வந்து 'அவள்' 'அது' ஆகிவிட்டாளா என்று சிரித்தார். பன்மைக்கு அவர்கள் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்ப்பார்களாம். நல்லவேளை, அன்று கதேராஸ் என்று கத்தியிருந்தால் நான் இரண்டு கதிரை கொண்டு வந்திருப்பேன்.

கொஞ்சக் காலமாக அவர் வரவில்லை. கதிரை இருக்கிறது. இப்போதும் யாராவது என்னிடம் கதிரை கேட்டால், முதலில் கேட்டவரின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.