மீசைக்காரனுக்கு வந்த வாழ்த்துகள்

அவள் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுபவள். தெருவில் எல்லோருக்கும் ‘கட்டிங் அக்கா’. கணவர் படம் பிடித்து வருவார். கீழ்த்தளத்து ஒற்றை அறையில் உட்கார்ந்து இவள் அதைக் காதலாக்குவாள். மாப்பிள்ளை கொட்டாவி விட்டிருப்பார், செருப்பு கடிக்கிறதென்று பெண் முகத்தைச் சுளித்திருப்பாள். மேலே ஒரு பாட்டைப் போட்டால் இருவரும் ஏங்குவதுபோல ஆகிவிடும். “பாட்டு போட்டா பூசணிக்காய்க்கும் காதல் வரும்” என்பாள்.

ஊரார் காதலுக்கெல்லாம் பாட்டுப் போட்டவளுக்கு, தனக்கும் ஒன்று போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் கதவைத் தாழிட்டாள். அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, புருவப் பென்சிலால் மீசை வரைந்து, ஒரு ஜோடிப் பாட்டின் ஆண் குரலுக்கு வாயசைத்தாள். மீசையைக் கழுவிவிட்டுப் பெண் குரலுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியபோது, மீசைக்காரன் பார்த்த பார்வையில் அவளுக்கே காது சூடானது. பிறகு குறும்பு முற்றி, அவன் வாயில் பெண் குரலையும் தன் வாயில் ஆண் குரலையும் மாற்றிப் போட்டாள். இன்னும் பொருந்தியது.

ஓவியக் கூடத்தில் வீடியோ கலைக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு அனுப்பினாள், எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் மூச்சு விடவில்லை. இந்த மனுஷன் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்பதுதான் பயம். ஆனால் அவர் ஓவியக் கூடம் இருக்கும் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்காதவர்.

பழக்க தோஷம் காட்டிக்கொடுத்தது. எந்த வீடியோ முடிந்தாலும் அவள் கை தானாகக் கடைசியில் ஓர் அட்டையை ஒட்டிவிடும்: பறக்கும் இதயங்கள், ‘மணமக்கள் நீடூழி வாழ்க’, கீழே ஸ்டூடியோவின் போன் நம்பர். அந்தப் போன் இருப்பது கணவரின் சட்டைப் பையில்.

கண்காட்சி தொடங்கிய அன்றே அவர் போனும் கையுமாக இறங்கி வந்தார்.

“ஓவியக் கூடத்துலேருந்து பேசுறேன்னு ஒரு அம்மா மீசைக்கார மாப்பிள்ளைய வாழ்த்துறாங்க. இன்னொருத்தி அவருக்குத் தம்பி இருக்கானான்னு கேக்குறா. எந்தக் கல்யாணம்டி இது?”

அவள் திரையைவிட்டுத் திரும்பவில்லை. அவர் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையையே மாட்டிக்கொண்டு நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார். அன்று அவள் வெட்டிய கல்யாணத்தில் மாப்பிள்ளை இரண்டு முறை மோதிரம் போட்டார்.

திரும்பி வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சட்டை என்னுது.”

“ஆமாங்க.”

“அந்தக் கடைசி அட்டைதான் பெரிய துணிச்சலாம். உன்னையே நீ கட்டிக்கிட்டியாம். அங்க இருக்குற பொண்ணு சொல்லுது.”

“ஐயையோ, அது கைதவறி வந்ததுங்க.”

“அதை வெளிய சொல்லித் தொலைக்காத.” நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினார். “அந்த மீசைக்காரன் மேலதான் எனக்குக் கோபம். என்னா பார்வை பாக்குறான்! நான் உன்னை அப்படிப் பாத்திருக்கேனா?”

“கேமரா வழியா ஊர்ப் பொண்ணுங்களையெல்லாம் பாத்தீங்க. நான் இந்த ரூம்லதான இருந்தேன்.”

அவர் மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார். பிறகு எழுந்து, நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி அவள் மடியில் போட்டார்.

“மீசையை நீயே வச்சுக்க. பொண்ணு குரலுக்கு நான் வாயசைக்கிறேன்.”

அவள் பென்சிலைத் தேடிக்கொண்டிருக்க, கேமராவைத் துடைத்தபடியே சொன்னார்:

“கடைசில அந்த அட்டைய மறந்துடாத.”