மகள் படத்துக்கு அடியில் எழுதியிருந்தது

சுள்ளிக்கலில் இருந்து வரும் சாருடைய வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டேன். மட்டாஞ்சேரியில் இஸ்திரிக் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்படி நடந்ததில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சட்டை முதுகில் வைத்துவிட்டு மொபைலில் முகநூல் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ யாரோ யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

சாமி படத்துக்கு முன்னால் நிற்கும்போதும் இதே கதிதான். வாயில் சரணம் இருக்கும், கண்ணுக்குள் காலையில் பார்த்ததெல்லாம் ஓடும். அதனால் அந்தக் கார்த்திகையில் மாலை போட்டபோது மீன், சவரக்கத்தியோடு முகநூலையும் விலக்கினேன். நாற்பத்தொரு நாள். அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் மொபைலைப் பக்கத்துச் சாயாக்கடைச் சேட்டனிடம் கொடுத்தேன். எடுத்துத் தந்துவிட்டு, "சாமிக்கு இது மீனைவிடக் கஷ்டமாக்கும்" என்றார்.

கஷ்டமாகத்தான் இருந்தது, மகளால். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போய் மூன்று வருடம். முதலில் தினமும் கூப்பிடுவாள். பிறகு டியூட்டி மாறி மாறி வந்தது, பேச்சு வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, ஓணம், பொங்கல் என்று ஆனது. நானும் கவலைப்படவில்லை. முகநூலில் அவள் படம் வரும், நான் ஒரு சிவப்பு இதயம் போடுவேன், வீட்டுக்காரியிடம் காட்டுவேன். ஒரே படத்தைப் பார்த்து ஒரு சமயம் "மெலிஞ்சுட்டா" என்பாள், இன்னொரு சமயம் "உடம்பு வச்சிருக்கா" என்பாள். மகளோடு பேசிய மாதிரியே இருக்கும்.

ஒன்பதாம் நாள் தாங்கவில்லை. சேட்டனிடம், மகள் பக்கத்தை உங்கள் மொபைலில் பார்த்து எனக்கு வாயால் சொல்லுங்கள், நான் பார்க்க மாட்டேன் என்றேன். விரதம் கெடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து சாயாவோடு செய்தியும் வந்தது. சிவப்புக் கோட்டு, பின்னால் பாலம், பிள்ளை சிரிக்கிறது. அவ்வளவுதான் சொல்வார். அதை வைத்துக்கொண்டு அன்று முழுக்கத் தேய்ப்பேன். கோட்டு கம்பளியா, குளிருக்குப் போதுமா, படம் எடுத்தது யார்? முன்பெல்லாம் அந்தப் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு விரலால் தள்ளியிருப்பேன்.

ஒருநாள் சேட்டன் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டே? மோள் அடியில எழுதறத வாயிச்சிட்டுதானே சாமி ஹார்ட் போட்டது?"

நான் தமிழில் ஐந்தாவது வரை படித்தவன். மலையாளத்தில் நாள் முழுக்கப் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன், எழுத்து தெரியாது, வீட்டுக்காரிக்கும் அப்படித்தான். வைட்டிலா போகும் பஸ்ஸில்கூட நிறம் பார்த்துத்தான் ஏறுவேன். மகள் இங்கே மலையாளப் பள்ளியில் படித்தவள், அவளுக்குத் தமிழ் எழுத வராது. படத்துக்கு அடியில் இருப்பது காலை வணக்கம் போல ஏதோ என்று நினைத்திருந்தேன்.

சேட்டன் பழைய படங்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். பனி விழுந்த தெருப் படத்தின் அடியில், இன்றும் யாரும் கூப்பிடவில்லை என்று இருந்தது. அதற்கு நான் இதயம் போட்டிருந்தேன். ஒரு தட்டு சோற்றின் அடியில், தனியாகச் சாப்பிட்டுப் பழகவே மாட்டேன் போலிருக்கிறது என்று. அதற்கும் இதயம். ஆஸ்பத்திரி மாடிப்படிப் படத்தின் அடியில் இருந்ததைப் பாதி வாசித்துவிட்டு நிறுத்தினார்.

"அச்சனுக்கு எல்லாம் தெரியும்னு அந்தக் குட்டி நெனச்சிருக்கும்" என்றார்.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்போதே கூப்பிட்டேன். மதியம். அங்கே விடிந்திருக்கும். மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நாலாவதில் எடுத்தாள்.

"அப்பா? அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல தங்கம். சும்மா கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

சாப்பிட்டியா என்று கேட்டேன். அவள் மெதுவாக, "இப்ப ஒண்ணுத்துக்கும் ஹார்ட் காணோமேப்பா. கோவமோன்னு நெனச்சேன்" என்றாள். மாலை போட்டதைச் சொன்னேன். மறைக்க மனசில்லாமல், அவள் எழுதியதில் இதுவரை ஒரு எழுத்துகூட வாசித்ததில்லை என்பதையும் சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆனது.

"இனி தமிழ் படிச்சு எழுதட்டுமாப்பா?"

"எழுத வேண்டாம்டா. சொல்லு."

சொன்னாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். பிள்ளைகள் யாரும் வராமலே இறந்துபோன ஒரு கிழவியைத் தன் கையாலேயே துடைத்து, துணி மாற்றி அனுப்பியிருக்கிறாள். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

மலைக்குப் போனேன். சந்நிதியில் நிற்க விடுவதே கண் சிமிட்டும் நேரம். மனசு ஒரு நிலையில் நிற்க வேண்டும் என்றுதான் விரதமே எடுத்தேன். அது நின்றதும் நிஜம், ஆனால் மகளிடம் போய் நின்றது. ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன்.

மாலையைக் கழற்றியதும், முகநூலைத் திரும்ப வைத்துத் தரட்டுமா என்று சேட்டன் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். சில ஞாயிறு எடுக்க மாட்டாள், டியூட்டியாக இருக்கும். அன்றைக்கு முகத்தையாவது பார்த்துவிடலாமே என்று கை துடிக்கும். வீட்டுக்காரி, அடுத்த வாரம் எடுப்பாள் என்பாள். சொல்லிவிட்டு அவளும், மகள் கூப்பிடுவாளோ என்று, மொபைலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.